துரும்பு கிள்ளிய பிறகு

ஒரே ஆளிடமிருந்து எனக்கு இரண்டு முறை விவாகரத்து ஆனது. முதல் முறை நகரியில், அம்மன் கோயில் வாசலில், அரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாவது முறை திருப்பதி கோர்ட்டில். அதற்கு முக்கால் வருஷத்துக்கு மேல் பிடித்தது.

முதலாவதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ஆந்திரா பக்கத்து நகரியில் பவர்லூம் ஓட்டிப் பிழைத்த வீடு. என்னைக் கட்டியவன் பாலசமுத்திரம் பக்கத்துக் கிராமத்துக்காரன். கல்யாணம் திருமலையில் நடந்தது. மெட்ராஸ் போகும் வழியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கமெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம் அது. மாந்தோப்புக் கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகள் ஐடிஐ படித்துவிட்டு, நீலச் சட்டை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்கள். அவனும் போனான். அங்கேயே ஐந்து பேரோடு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தான்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கடையில் நிறுத்துக் கொடுத்த பருப்பை வீட்டில் இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்கிறவள் நான். அவன் குளிக்கப் போனதும் சட்டைப் பையைத் துழாவுவேன். பஸ் டிக்கெட்டில் எந்த ஊர் என்று பார்ப்பேன். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் பொய் சொல்வான், அந்தப் பொய்யை வேறு உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவனும் பேசாத ஜாதி. பிள்ளையும் இல்லை. மாமியார் அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு வருஷம் இப்படி ஓட்டிவிட்டு, ஒரு நாள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் தேடி வரவில்லை. அதுவும் எனக்கு ஒரு சாட்சியமாகப் பட்டது.

எங்கள் ஜனத்தில் பெரியவர்களைக் கூட்டி வைத்து, புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிப் பெண்ஜாதி கையில் போட்டுவிட்டால் தீர்ந்தது. அவன் கிள்ளினான். நான் வாங்கிக் கீழே போட்டேன். தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தேன். அதோடு முன்பெல்லாம் எழுந்து போய்விடுவார்கள். இப்போது காலம் மாறிவிட்டது, எழுத்தில் வேண்டும் என்றார்கள். அங்கேதான் தகராறு வந்தது. நகரியில் பத்திரம் எழுதுகிறவர் தெலுங்கில் எழுதுவார். நாங்களெல்லாம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தெலுங்கு பேசுவோம், பஸ் போர்டு படிப்போம், பத்திரத் தெலுங்கு யாருக்கும் பிடிபடாது.

"தெலுங்குல எய்தினா அந்தாளு உள்ள இன்னா நொய்ச்சி வச்சான்னு யாருக்குத் தெரியும்? நாமளே படிக்கிற மாதிரி எய்தணும்" என்றார் என் அண்ணன். அவன் தரப்புக்கும் அதே பயம். ஆக, எல்லோரும் ஆட்டோ பிடித்து எல்லை தாண்டிப் பள்ளிப்பட்டுக்குப் போனோம். தமிழ்நாட்டு ஸ்டாம்பு பேப்பர் வாங்கி, அட்சர சுத்தமான தமிழில் எழுதினோம். நான் இரண்டு தடவை படித்தேன். பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பெரியவர்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். திரும்பி வந்த கையோடு அதை லேமினேஷன் செய்து பெட்டியில் வைத்தேன். எவனும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்று எனக்கு அவ்வளவு திருப்தி.

இரண்டு வருஷம் நிம்மதியாக ஓடியது. அண்ணன் வீட்டில் தறி ஓட்டினேன், சோறு தின்றேன், அண்ணியின் முகம் கோணும்போதெல்லாம் கிணற்றடிக்குப் போய்விடுவேன். ஆனால் எத்தனை நாள்? புத்தூர்ப் பக்கத்திலிருந்து பெண்கள் குவைத்துக்குச் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் போவதென்று முடிவு செய்தேன். அந்த வீட்டில் நான் விருந்தாளியும் இல்லை, குடும்பமும் இல்லை. வேறு எங்கே போனாலும் தேவலை என்று இருந்தது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த ஏஜெண்ட் பாஸ்போர்ட் பாரத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். புருஷன் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. நான் லேமினேஷனை நீட்டினேன்.

"இதி பனிகி ராதம்மா" என்றார். இது வேலைக்கு ஆகாதாம். "விடாகுலு, அதான் விவாகரத்துன்னா கோர்ட்டு காகிதம் வேணும். இல்லன்னா எதுக்கு ரகளை? அவர் பேரையே போட்டுட்டுப் போயிடு."

மாட்டேன் என்றேன். ஒரு காகிதத்தில் அவன் பெயர் ஒட்டிக்கொண்டால், நாளைக்கு அதைக் காட்டி அவன் என்ன கேட்பானோ, யார் கண்டது? அப்படியானால் வக்கீலைப் பார் என்று சொல்லி ஒரு விலாசமும் கொடுத்தார். கேட்காமலே விலாசம் கொடுக்கிறாரே, இரண்டு பேரும் கூட்டோ என்று யோசித்துக்கொண்டேதான் படி இறங்கினேன்.

அந்த வக்கீல் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தமிழ்நாடு ஸ்டாம்பு பேப்பரு!" என்று குமாஸ்தாவிடம் காட்டிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆந்திரா பேப்பர்ல எய்தியிருந்தா செல்லுமா சார்?"

"அப்பவும் செல்லாதும்மா. உங்க ஜனத்துல துரும்பு கிள்ளித் தீர்க்கிறது தலைமுறை தலைமுறையா வர்ற வழக்கம்னு கோர்ட்டுல நிரூபிக்கணும். அதுக்கே தனியா கேஸ் போடணும், சாட்சி கொண்டாரணும். எப்ப முடியும்னு தேவுடுக்குத்தான் தெரியும். அதைவிட ரெண்டு பேரும் ஒப்புக்கினு சேர்ந்து மனு போட்டா சுலபம். ஒரு வருஷத்துக்கு மேல பிரிஞ்சி இருந்தீங்கல்ல, அது போதும். மனு போட்டு ஆறு மாசம் கழிச்சி ரெண்டு பேரும் மறுபடி வந்து, ஆமா, வேணும்னு சொல்லணும். அன்னிக்கித்தான் ஜட்ஜு தீர்ப்பு எழுதுவார்."

"நடுவுல ஆறு மாசம் எதுக்கு?"

"மனசு மாறலாம் இல்ல?"

"மாறினா?"

"ரெண்டு பேர்ல ஒருத்தர் வரலைன்னாலும், வேணாம்னு சொன்னாலும் எல்லாம் போச்சு. நீ பழையபடி அவர் சம்சாரம்தான்."

யாரிடமிருந்து தப்பித்து வந்தேனோ, அவன் ஒரு நாள் காலையில் பஸ் ஏற வேண்டும், ஏறி வந்து சரி என்று சொல்ல வேண்டும். அதை நம்பித்தான் என் பாஸ்போர்ட், என் குவைத், எல்லாம்.

வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டார். "அவர் மறுபடி கல்யாணம் பண்ணிக்கினாரா?" தெரியாது என்றேன். "இந்தக் காகிதத்தை நம்பிப் பண்ணிக்கினு இருந்தா, அந்தக் கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்ல. நீ புகார் குடுத்தா அவர் ஜெயிலுக்குப் போவார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க ஆரம்பித்தார். நான் அதை நினைவில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

இந்த ஆள் சொன்னது நிஜமா என்று சரிபார்க்க மறுநாளே சித்தூருக்குப் பஸ் ஏறினேன். கோர்ட்டுக்கு எதிரே கண்ணில் பட்ட வக்கீல் போர்டைப் பார்த்து உள்ளே நுழைந்து, யாரோ தெரிந்தவளுக்குக் கேட்பது போல எல்லாவற்றையும் கேட்டேன். சித்தூர் வக்கீலும் எழுத்துப் பிசகாமல் அதையே சொன்னார். இருவரும் ஒன்றுபோலச் சொன்னதில் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது. பிறகு, சட்டப் புத்தகம் ஒன்றுதானே, இரண்டு பேரும் படித்திருக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

விவாகரத்து வேண்டுமென்றால் முதலில் கல்யாணம் ஆனதை நிரூபிக்க வேண்டுமாம். பத்திரிகை, போட்டோ, ஏதாவது. பத்திரிகையை அண்ணி எப்போதோ அடுப்பில் போட்டுவிட்டாள். போட்டோவில் நான் மட்டும்தான் இருந்தேன். அவன் நின்ற பாதியை நானே கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டிருந்தேன். வக்கீல் அந்தப் பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு, "கோபம் அடங்கின பிறகு வெட்டக் கூடாதாம்மா?" என்றார். கையெழுத்துக்கும் அவன் வேண்டும், படத்துக்கும் அவன் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்குப் போனேன்.

வீட்டிலிருந்து ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கும் நான் யாரென்று தெரிந்துவிட்டது. "உள்ள வாங்கக்கா" என்று சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். மாமியார் இறந்துவிட்டிருந்தாள். அவன் பின்கட்டிலிருந்து லுங்கியோடு வந்தவன், என்னைப் பார்த்ததும் செத்த பாம்பை மிதித்தவன் மாதிரி நின்றான்.

மாந்தோப்புப் பக்கம் நடந்துகொண்டே சொன்னேன். "நாம கிள்ளின துரும்பு செல்லாதாம். கோர்ட்டுல திரும்பவும் தீர்த்துக்கணுமாம்."

"அதான் அன்னிக்கே தீந்துபோச்சே!"

"தீர்லியாம்."

அவன் மூளை என்னைவிட வேகமாக ஓடியது. திரும்பி வீட்டைப் பார்த்தான். "அப்டின்னா இவ யாரு?" என்றான். "கம்பெனில ஒர்த்தன இப்டித்தான் மொதப் பொண்டாட்டி போலீஸ்ல மாட்டி வுட்டா. நீயும் அதுக்குத்தான் வந்துகிற. என் கையாலயே கையெய்த்து வாங்கிக்கினு, அத்தயே கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுக்கப் போற."

"எனுக்கு காகிதம் வேணும். உன்ன ஜெயில்ல போட்டு நான் இன்னா பண்றது?"

"நான் எப்டி நம்பறது?"

நியாயமான கேள்வி. எனக்கும் அவனிடம் கேட்க அதே கேள்வி இருந்தது. முதல் நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறு மாசம் கழித்து வராமல் இருந்துவிட்டால்? கடைசியில் அவன்தான் சொன்னான், காணிப்பாக்கம் போகலாம் என்று.

எங்கள் ஜில்லாவில் எவனாவது எவனையாவது நம்பவில்லை என்றால் போகிற இடம் அதுதான். சித்தூருக்குப் பக்கத்தில், காணிப்பாக்கம் பிள்ளையார். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு அவர் எதிரே நின்று சத்தியம் செய்தால் பொய் சொன்னவன் உருப்பட மாட்டான். திருடன்கூட அங்கே போய்ப் பொய்ச் சத்தியம் செய்யமாட்டான் என்பார்கள். அடுத்த ஞாயிறு அவன் ஒரு பஸ்ஸில் வந்தான், நான் ஒரு பஸ்ஸில் வந்தேன்.

தலை நனையாமல் செய்த சத்தியம் சேராது என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அதனால் அவன் முழுகும்போது உச்சி வரை தண்ணீருக்குள் போகிறதா என்று படியில் நின்று கவனித்தேன். என் முறை வந்தபோது அவனும் அப்படியே கவனித்தான். ஈரம் சொட்டச் சொட்டப் போய் நின்றோம். வாசகத்தை இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருந்தோம். இவனுடைய இரண்டாவது கல்யாணத்தைப் பற்றிக் கோர்ட்டிலும் சொல்லமாட்டேன், போலீசிலும் சொல்லமாட்டேன் என்று நான் சொன்னேன். ஆறு மாசம் கழித்துக் கூப்பிடுகிற நாளில் வந்து சரி என்று சொல்லுவேன் என்று அவன் சொன்னான். கோர்ட்டை அவன் நம்பவில்லை, அவனை நான் நம்பவில்லை. பிள்ளையாரை மட்டும் இரண்டு பேரும் நம்பினோம்.

வெளியே வந்ததும் பிளாஸ்டிக் கவரிலிருந்து கல்யாணப் போட்டோவை எடுத்துக் கொடுத்தான். என் பாதியை வெட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டே பிரித்தேன். முழுசாக இருந்தது. இதை ஏன் இத்தனை நாள் வைத்திருந்தான் என்று பஸ் முழுக்க யோசித்தேன். அன்பால் இருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. ஏதோ காரியமாகத்தான் என்றே நினைத்தேன். இப்போதும் எனக்குத் தெரியாது.

மனு இங்கிலீஷில் டைப் ஆகி வந்தது. குமாஸ்தா தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். அது போதாமல் ஒரு ஜெராக்ஸ் எடுத்து நகரியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டரிடம் கொண்டுபோய், குமாஸ்தா என்ன சொன்னார் என்று சொல்லாமல் மறுபடி படிக்கச் சொன்னேன். இரண்டும் ஒத்துப்போனது. ஆனால் அதில் ஒரு வரி எனக்குப் பிடிக்கவில்லை. இருவருக்கும் குணம் ஒத்துப்போகாததால் பிரிந்தார்கள் என்று இருந்தது.

"இது பொய் சார். காரணத்த எய்துங்க" என்று வக்கீலிடம் சண்டைக்குப் போனேன்.

"என்ன காரணம்மா? சொல்லு, எழுதறேன்."

அவன் கெட்டவன் என்று சொல்ல வாய் திறந்தேன். நான்கு வருஷம் சட்டைப் பையில் கண்டுபிடித்ததை எல்லாம் மனசுக்குள் அடுக்கிப் பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூர் டிக்கெட், தீப்பெட்டி, ஒரு தடவை மல்லிகைப் பூவின் காம்பு. அந்தப் பூ எனக்கு வாங்கி வந்து கொடுக்காமல் போன பூவாகக்கூட இருக்கலாம். காரணம் எதுவும் வரவில்லை. "சரி, அப்படியே இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது.

ஒரே வக்கீல் இரண்டு பேருக்கும் என்பதும் எனக்கு உறுத்தல்தான். யாருக்கு ஆள் இவர்? அவன் மறுபடி கல்யாணம் செய்தானா என்று முதல் நாள் கேட்டவர் பிறகு அதைக் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டுதான் கேட்காமல் இருக்கிறார் என்று எனக்குப் பட்டது. முதல் வாய்தாவுக்கு அவன் வந்தான். ஜட்ஜ் இரண்டு பேரையும் பெயர் கேட்டார், சம்மதமா என்று கேட்டார், ஆறு மாசம் தள்ளித் தேதி போட்டார்.

அந்த ஆறு மாசம் நான் பட்ட பாடு நாய் படாது. அவன் கம்பெனியில் ஆட்களைப் புனேவுக்கு மாற்றுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். போய்விட்டால்? ஏஜெண்ட் வேறு, குவைத்து வீடு காத்திருக்காது என்று நச்சரித்தார். எஸ்டிடி பூத்துக்குப் போய் அவன் ஊர்க் கடைக்குப் போன் போட்டுக் கூப்பிடச் சொல்வேன். ஒருமுறை அவன் கம்பெனிக்குத் திரும்பிப் போயிருந்ததால் அவனுடைய இரண்டாவது பெண்ஜாதி வந்து பேசினாள்.

"பழய பேப்பருக்கு கோர்ட்டுல சீலு வைக்கணுமாமே, அவுரு சொன்னாரு. நான் அனுப்பி வுட்றேன், நீங்க கவலப்படாதீங்கக்கா" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "வேற ஒண்ணியும் இல்லியேக்கா?" என்று கேட்டாள்.

அவன் அவளிடம் சொன்னது அவ்வளவுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. தன் கல்யாணம் கணக்கில் வராது என்று அவளுக்குத் தெரியாது. பூத்துக் கண்ணாடிக்கு வெளியே ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

தேதி வந்தது. காலை பத்து மணிக்கே கோர்ட் வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். பத்தரைக்கு ஜட்ஜ் வந்துவிட்டார். அவனைக் காணோம். பியூன் எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார். நான் மட்டும் எழுந்து நின்றேன். வக்கீல் ஏதோ சொல்லிக் கேசை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்தார். "அதுக்குள்ள வரலைன்னா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் கேஸ் கட்டைப் புரட்டினார். வரமாட்டான் என்று எனக்கு முடிவாகிவிட்டது. காணிப்பாக்கத்தில் தண்ணீருக்குள் விரலை மடக்கி வைத்திருந்தானோ என்றுகூடத் தோன்றியது.

ஒன்றரை மணிக்கு வந்தான். அவன் பின்னால் அவள். அவள் தோளில் மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம் பூசிய குழந்தை. திருப்பதிக்கு எப்படியும் வர வேண்டும், குழந்தைக்கு வேண்டுதல் மொட்டையும் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று விடியற்காலையிலேயே மலைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே வரிசை நகரவில்லையாம். என் வாழ்க்கை மொட்டை வரிசையில் நின்றிருக்கிறது! அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டால் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவான் என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உள்ளே ஜட்ஜ் முதலில் அவனைக் கேட்டார். அவன் சம்மதம் என்றான். பிறகு என்னைக் கேட்டார். "மீ இஷ்டப்பிரகாரமேனா?" உன் விருப்பப்படிதானா, யாராவது வற்புறுத்தினார்களா? யாரும் இல்லை என்றேன். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, வேறு ஏதாவது சொல்ல வேண்டியது உண்டா என்று கேட்டார்.

திறந்த கதவு வழியாக வராந்தா பெஞ்சு தெரிந்தது. சந்தனத் தலை பெஞ்சின் மேல் எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்வானேன், எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு வாக்கியம் போதும். நான்கு வருஷம், மாமியாரின் ஏச்சு, டிரங்குப் பெட்டி, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிடலாம். பக்கத்தில் நின்றவனின் மூச்சு சத்தமாகக் கேட்டது. பிள்ளையாருக்குப் பயந்து வாயை மூடினேன் என்றால் அதுவும் முழு நிஜம் இல்லை. சொன்னால் எனக்குக் காகிதம் கிடைக்காது. "ஏமீ லேது சார்," ஒன்றும் இல்லை என்றேன். ஜட்ஜ் எழுத ஆரம்பித்தார்.

முடிந்தது. அவன் வக்கீலோடு ஏதோ கையெழுத்துக்குப் போனான். நான் வராந்தாவில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் பையிலிருந்து லட்டை எடுத்துப் பிட்டு என் கையில் வைத்தாள். "எல்லாம் நல்லபடியா முட்ஞ்சிதாக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு என் மேல் ஒரு கோபமும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சத்தியத்தில் கோர்ட், போலீஸ் என்றுதான் இருந்தது. அவளிடம் சொல்லக் கூடாது என்று இல்லை. தணிந்த குரலில் சொன்னேன். "துரும்பு கிள்ளினது சட்டத்துல சேராது. இன்னிக்கித்தான் எனுக்கும் அவுருக்கும் தீர்ந்தது. உன் கண்ணாலம் அதுக்கு முன்னால ஆனது. அது செல்லாது. திரும்பவும் ஒருக்கா தாலி கட்டச் சொல்லு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிஞ்சி, அந்த காகிதத்த நீயே வாங்கி வச்சிக்க. அவுரு கையில குடுக்காத."

அவள் முகம் மெல்ல மாறியது. குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என் தலை முதல் கால் வரை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். ஆனால் அது என் மேல் விழுந்து பார்த்ததில்லை.

"இது உனுக்கு எப்போ தெரியும்?" என்றாள். அக்கா போய்விட்டது.

"வக்கீல் சொன்னாரு."

"எப்போ சொன்னாரு?"

நான் லட்டைப் பெஞ்சின் மேல் வைத்தேன்.

"நீ எங்க ஊட்டுக்கு வந்தியே, அதுக்கு முன்னாலயா? அதுக்கு அப்பாலயா?"

"முன்னால" என்றேன்.

"இத்தினி மாசம் தெரிஞ்சிக்கினே இருந்துட்டு, இன்னிக்கி உன் வேல முட்ஞ்ச அப்பால இன்னாத்துக்கு சொல்ற?"

நான் வாழ்நாளில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் தப்பாகத்தான் இருந்திருக்கும். அவள் ஒரே ஒரு தடவை சந்தேகப்பட்டாள், அது சரியாக இருந்தது. முன்பே சொல்லியிருந்தால் பயந்துபோய் அவனை அனுப்பாமல் இருந்துவிடுவாளோ என்றுதான் நான் சொல்லவில்லை. அதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மேஜைக்குப் போய், அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று குமாஸ்தாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.